காலஞ்சென்றவர்களான

சுனாமிக் கடல் வந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பத்திரிகையைக் கையில் எடுத்துப் படிப்பவர்களில் நாங்கள்தான் கடைசி ஆட்களாக இருப்போம். எடுத்ததும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம். யார் செத்தது, யாருக்கு முப்பத்தோராம் நாள் நினைவு, யாருடைய அடையாள அட்டை தொலைந்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு மாவட்டப் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. கவனமான ஆள் என்று அலுவலகத்தில் பெயர் எடுத்திருக்கிறேன். அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பெயருக்கு முன்னால் போடக்கூடாத சொல்லைப் போட்டவள் நான்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நாவலடியில் இருந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். வீட்டில் பெரியப்பா, அவர்களுடைய பிள்ளைகளான அண்ணன், அக்கா. எங்கள் வீடு இக்கரையில், அமிர்தகழியில். சனிக்கிழமைகளில் தோணியில் வாவியைக் கடந்து நான் அங்கே போய்விடுவேன்.

பெரியப்பா வாவியில் இறால் பிடிப்பவர். வாரப் பத்திரிகையை இறால் பறிக்குள் செருகிக் கொண்டுவருவார். அதனால் எங்களுக்குக் கிடைத்த செய்தியெல்லாம் கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் மணத்தோடுதான் கிடைத்தது. முன்பக்கத்தைப் பெரியப்பா எடுப்பார். பின்பக்கம் பிள்ளைகளுக்கு. களுவாஞ்சிக்குடியில் தென்னந்தோட்டம் விற்பனைக்கு. இடது காதில் வெட்டுள்ள கறவைப் பசுவைக் காணவில்லை. இன்ன வட்டையில் உள்ள வயல் குத்தகைக்கு விடப்படும். 'மகனே, அம்மா சுகமில்லை, கோபத்தை மறந்து உடன் வரவும்.' அந்த மகன் வந்தானா என்று அக்கா ஒவ்வொரு வாரமும் தேடிப் பார்ப்பாள். வந்தான் என்று ஒரு பத்திரிகையும் போடவில்லை.

மரண அறிவித்தல்தான் எங்கள் விளையாட்டு. நான் எழுதுவேன். அண்ணன் வானொலி அறிவிப்பாளரின் குரலில், மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு வாசிப்பான். ஒரு நாள் வீட்டுக் கோழி ஒன்றைக் கீரி கடித்துவிட்டது. நான் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று வாசித்தான்.

"நாவலடியைப் பிறப்பிடமாகவும் கூட்டை வசிப்பிடமாகவும் கொண்ட சிவத்த கோழி நேற்று அகால மரணமடைந்தார். அன்னார், காலஞ்சென்ற வெள்ளைச் சேவலின் அன்பு மனைவியும்..."

வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வெள்ளைச் சேவல் வேலி ஓரத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றது.

"இஞ்ச பார், சேவல் கேக்குது. நான் எப்ப புள்ள செத்த? எனக்கே தெரியாதே எண்டு கேக்குது."

அக்கா மணலில் விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் அறிவித்தல் அறிவித்தல் மாதிரி இருக்காது என்று வாதாடினேன்.

"அது பவுடர் இல்ல, பூசி அழகு பாக்க," என்றான் அண்ணன். "செத்த ஆக்களுக்குத்தான் போடுற. சேவலிட்ட மன்னிப்புக் கேள்."

சேவலிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். ஒருவரிடம் நான் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான் என்று சில வேளை தோன்றும்.

அதற்கு அடுத்த வருடம் அண்ணன் ரியூசனுக்குப் போனான், வரவில்லை. சைக்கிளை யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். இயக்கத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரியவர இரண்டு கிழமை ஆனது. பதினாறு வயது. கடல் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது பல பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. வன்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். கடிதம் இல்லை. பெரியம்மா சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்து வைத்தார்.

கடல் வந்த காலையில் பெரியம்மா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவுக்கு இறால் கொண்டுவந்து, பேசிக்கொண்டு இருந்துவிட்டார். வாவி எங்கள் கிணற்றடி வரை வந்து திரும்பியது. நாவலடியில் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. பெரியப்பாவின் உடலை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அக்காவை எடுக்கவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரில் உள்ள பாடசாலை முகாமாகியது. அந்த மாதத்தின் மணம் எனக்கு இன்றும் மூக்கில் நிற்கிறது. கிணறுகளில் போட்ட குளோரின், வெளிநாட்டுப் பழைய உடுப்பு மூட்டைகளின் கற்பூர உருண்டை, பெரிய பானைகளில் வேகும் பருப்பு. வகுப்பறைக் கரும்பலகையில் எங்கள் ஆசிரியர் கடைசியாக எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. அதன் கீழே சேலை கட்டித் தொட்டில் ஆடியது.

காத்தான்குடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா அந்த வாரப் பத்திரிகைக்கு அறிவித்தல் சேர்க்கும் முகவராகவும் இருந்தார். கடல் கொண்டுபோனவர்களுக்கான அறிவித்தல்களைப் பத்திரிகை இலவசமாகப் போடுவதாகச் சொல்லி, கோப்பு ஒன்றோடு முகாமுக்கு வந்தார். எழுதித் தருவதற்கு ஆள் இல்லை. தெரிந்தவர்களுக்கும் கை ஓடவில்லை. புலமைப்பரிசில் பாஸ் பண்ணிய பிள்ளை, கையெழுத்து முத்து மாதிரி என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

கட்டாரில் இருந்த மாமா அனுப்பிய நான்கு நிறப் பேனை என்னிடம் இருந்தது. கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை. கறுப்பை அழுத்தி, வாங்கில் உட்கார்ந்து எழுதினேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் அழுதுகொண்டு சொல்வதை நான் அறிவித்தல் பாஷையில் மாற்றி வாசித்துக் காட்டுவேன். "அச்சு மாதிரி எழுதுது கா இந்தப் புள்ள," என்று ஒரு மனுசி சொன்னார். நானா என் தாள்களை வாங்கும்போது, "இத அங்க ஒரு எழுத்துத் திருத்தத் தேவல்ல மகள். அப்படியே கோக்குறாங்க," என்பார். ஊர் முழுக்கச் செத்துக் கிடந்த அந்த மாதத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இங்கே மறைத்தால் மிச்சத்தை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

தொடக்கத்தில் சிலர் 'காணவில்லை' என்று எழுதச் சொன்னார்கள். நாள் போகப் போக அவர்களே திரும்பி வந்து, "சரி புள்ள, காலஞ்சென்ற எண்டே போடு," என்றார்கள். முப்பத்தொரு நாள் ஆகியும் வராதவர் காலஞ்சென்றவர். முகாமில் அதுதான் இலக்கணம். எனக்கு அது கைக்கு வந்துவிட்டது.

பெரியம்மா கடைசியாகத்தான் எழுதுவிக்க வந்தார். முகாமில் இல்லை, எங்கள் வீட்டில், குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார். பெரியப்பாவின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர். பிறகு பிள்ளைகள்.

"முதல்ல அண்ணன்ட பேரப் போடு. மறுகா காலஞ்சென்ற எண்டு போட்டு அக்காட பேர். ரெண்டு பேருக்கும் அன்புத் தகப்பன் எண்டு போடு."

நான் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். சுத்தப் பிரதி எழுதித் தருவதாகச் சொல்லி முகாம் வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

கை தவறிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தவறவில்லை. அந்த வரியை வாசித்தேன். அண்ணன் வராமல் ஒன்றரை வருடம். முகாமில் முப்பத்தொரு நாளுக்கே அந்தச் சொல். அம்மாவும், சாவுக்கு ஊர் வந்திருந்த கட்டார் மாமாவும் கிணற்றடியில் நின்று, "அவன் எங்க கா இனி வாற?" என்று கதைத்ததை நான் கேட்டிருந்தேன். பெரியம்மா அழுத அழுகையில் மறந்து விட்டுவிட்டார், நான் திருத்துகிறேன் என்று நினைத்தேன். குறுக்கே ஓடி நாற்பது அடி போனால் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். 'காலஞ்சென்றவர்களான' என்று பன்மையில் எழுதி, கீழே இரண்டு பெயர்களையும் போட்டேன். வரி எடுப்பாக இருந்தது. தாளை நானாவிடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல வாசிக்காமல் கோப்பில் வைத்தார்.

பத்திரிகை வந்தது. மூன்றாம் பத்தி, மேலிருந்து நான்காவது பெட்டி. பெரியம்மா விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். அதே இடத்தில் நின்றது.

"எனக்கு ஒரு புள்ளதான் செத்திரிக்கி," என்றார் அம்மாவைப் பார்த்து. "ரெண்டு போட்டிரிக்கானுகள்."

பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். நாவலடி மணலில் இருந்து தோண்டி எடுத்துவந்த சைக்கிள் அங்கே நின்றது. வளைந்த ரிம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயம் இல்லை.

கட்டார் மாமா இன்னும் ஊரில்தான் இருந்தார். நானாவைப் படலையில் மறித்தார்.

"என்ன வேல செய்து வெச்சிரிக்கீங்க? உசிரோட இரிக்கிற பொடியனச் சாகக் குடுத்திட்டீங்களே. உங்கட மர்ஹூமும் எங்கட காலஞ்சென்றவரும் ஒண்டெண்டு நினைச்சீங்களா? எங்கட முற தெரியாட்டி எங்கட ஆக்கள்ட அறிவித்தலத் தொடப்படாது."

நானா கோப்பைத் திறந்தார். பத்திரிகைக்குக் கொப்பியைத்தான் அனுப்புவார், தாள்களை எறிவதில்லை. எனது தாளை எடுத்தார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன். கறுப்பு மையில் என் முத்து எழுத்து ஐந்து முழத் தூரத்தில் தெரிந்தது. அவர் வாசித்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பிழ எங்கட பக்கம்தான் தம்பி. திருத்தம் ஒண்டு போடுறன். மன்னிச்சிக்கங்க."

அவருடைய தங்கையின் பிள்ளையையும் கடல் கொண்டுபோயிருந்தது என்பதை மாதங்கள் கழித்துத்தான் அறிந்தேன். முகாமில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. மாமா பத்திரிகைக்கு முறைப்பாடு எழுதினார். முகவர் வேலை நானாவின் கையை விட்டுப் போனது. அந்த முறைப்பாட்டுக் கடிதத்தையும் மாமா என்னைக் கொண்டுதான் எழுதுவித்தார். எழுதினேன்.

திருத்தம் வரவில்லை. அதற்கு முன் வேறு ஒன்று நடந்தது. ஒரு பின்னேரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அண்ணனைப் பற்றி விசாரித்தார்கள். யாருடைய ஆட்கள் என்று கேட்கக்கூடாத காலம் அது. அவன் தொடர்பில் இருக்கிறானா, எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். மாமா உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்துவந்து நீட்டினார். ஒருவன் வாசித்தான். மற்றவனிடம் காட்டினான். போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா? கடவுளாப் போட்ட பிழ," என்றார் மாமா. "திருத்தம் கிருத்தம் ஒண்டும் வேணாம். திருத்தினா, உசிரோட இரிக்கான், வந்து கேளுங்க எண்டு நாமளே சொல்ற மாதிரி."

பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ட புள்ளயச் செத்தவன் எண்டு நான் என்ட வாயால சொல்றதா?"

"நீ சொல்லத் தேவல்ல. பேப்பர் சொல்லும். நீ காட்டினாப் போதும்."

பெரியவர்கள் எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். அந்த அறிவித்தலை வெட்டி லெமினேட் பண்ணி, பெரியம்மாவின் பைக்குள் வைத்தார்கள். பிறகு யார் வந்து கேட்டாலும் அவர் அதை எடுத்துக் காட்டினார். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டார். படலைக்கு வந்தவர்களுக்குக் காட்டினார். சுற்றிவளைப்பில் வந்தவர்களுக்குக் காட்டினார். குடும்ப விபரம் பதிய வந்தவர்களுக்குக் காட்டினார். அவர்கள் அதைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நாட்களில் வெட்கம் குறைந்திருந்தது. என் பிழை எங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன். ஒரு வேளை காப்பாற்றியும் இருக்கலாம். அந்த நினைப்புத்தான் இன்று எல்லாவற்றிலும் அதிகமாகக் கூசவைக்கிறது.

வன்னியில் யுத்தம் முடிந்த வருடம் நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பெரிய முகாமில் இருந்து விடுபட்டு வந்த ஒரு மனுசி எங்களைத் தேடி வந்தார். கடைசி நாட்களில் கஞ்சி வரிசையில் பெரியம்மாவின் மகனைக் கண்டதாகச் சொன்னார். கால் ஒன்றில் கட்டு, கையில் தடி. வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கை அடைத்துக்கொண்டு வானொலி மாதிரி அறிவித்தல் வாசித்துச் சிரிக்கவைத்தான் என்றார். அதை வெளி ஆள் ஒருவர் கற்பனை பண்ணமுடியாது.

பெரியம்மா காணாமற்போனவர்களைப் பற்றி விசாரணை நடக்கும் இடங்களுக்குப் போகத் தொடங்கினார். படிவம் நிரப்ப நான் கூடப்போனேன். ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையானவர். தமிழில் கதைத்தார். கோப்பைப் புரட்டி, ஒரு போட்டோக்கொப்பியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அம்மா, இது நீங்க குடுத்தது தானே?"

மூன்றாம் பத்தி, நான்காவது பெட்டி.

"ஓம்," என்றார் பெரியம்மா.

"மகன் இறந்திட்டார் எண்டு நீங்களே பேப்பர்ல அறிவிச்சிருக்கிறீங்க. கன இடத்தில குடுத்தும் இருக்கிறீங்க. இப்ப காணாமப் போனவர் எண்டு நான் எப்படிப் பதிய?"

"அது பிழையா வந்தது ஐயா."

"அப்ப ஏன் திருத்தம் போடயில்ல?"

பெரியம்மாவிடம் அதற்குப் பதில் இருந்தது. அதைச் சொன்னால் மகனை ஒளித்த குற்றம் ஆகும். அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பேனை என் கையில் இருந்தது. ஐயா, அதை நான்தான் எழுதினேன், எனக்கு அப்போது பதினொரு வயது என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த அறையின் மின்விசிறியில் ஓர் இதழ் மட்டும் வளைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெரியம்மா முகம் கழுவினார். சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதணும். இந்த முற நான் சொல்றத மட்டும் எழுது மகள்."

நான் பேனையைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு முதல் வசனத்தைச் சொல்லத் தொடங்கினார். நானா அந்தத் தாளை அவரிடம் கொடுத்திருந்தாரா, அல்லது குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நான் வாசித்ததைக் கேட்டவருக்குப் பத்திரிகை வந்த அன்றைக்கே என் வேலை என்று தெரிந்திருந்ததா, தெரியாது. நான் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ கடிதம் எழுதினேன். அவர் சொன்ன சொல்லுக்கு மேல் ஒரு சொல், கீழே ஒரு சொல் இல்லை. அவர் வேறு யாரையும் எழுதக் கூப்பிடவும் இல்லை. அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன மாசியில் பெரியம்மா எங்கள் வீட்டிலேயே காலமானார். அறிவித்தலை நான் எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில், முதலில் அண்ணனின் பெயர், முன்னால் ஒன்றுமில்லாமல். பிறகு காலஞ்சென்ற என்று போட்டு அக்காவின் பெயர். குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு அவர் சொன்ன அதே வரி.

எங்கள் அலுவலகத்தில் அச்சுப்பிழை பார்க்கும் பிள்ளை கெட்டிக்காரி. தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அண்ணனின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

"அக்கா, இதில ஒண்டு விடுபட்டிரிக்கி. பெறாமக்களுக்கெல்லாம் அடைப்புக்குள்ள கனடா, கட்டார் எண்டு போட்டிரிக்கி. மகனுக்கு மட்டும் ஊர் போடயில்ல. எங்க இரிக்கார்?"

"தெரியாது."

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இல்ல, அவர் செத்திட்டார் எண்டு கேள்விப்பட்டனே. ஆரோ சொன்ன."

"அப்படிச் சொன்னது உலகத்தில ஒராள்தான்," என்றேன். "அது நான்."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தாளை வாங்கி, வட்டத்தைக் கோடிட்டு வெட்டி, ஓரத்தில் 'உள்ளபடி' என்று எழுதிக் கொடுத்தேன்.